ஞாயிற்றுக்கிழமை மணக்கும் கார்

மன்னார் பசாரில் கருவாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஒரு கந்தோர் இருந்தது. வாசல் பலகையில் ‘ஜவாஹிர் – துப்பறிதல், சாட்சி தேடுதல், காணாமற்போனவை கண்டுபிடித்தல்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே யாரோ கரிக்கட்டியால் ‘கழுதை நீங்கலாக’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த யாரோ வேறு ஒருவருமில்லை, ஜவாஹிரின் உதவியாளன் டொமினிக்தான். வாய் சும்மா கிடக்காத பிறவி.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் படியேறி வந்த பெண்பிள்ளையைக் கண்டதும் அந்த வாய் தானாக மூடிக்கொண்டது. வந்தவள் மீன்காரப் பேதுருவின் மகள் கிறேஸ்.

"அப்பாவைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டினம், நானா," என்றாள், கதிரையில் இருக்க முன்பே. ஜவாஹிர் ஊருக்கெல்லாம் ‘நானா’, மூத்த அண்ணன்.

கதை இதுதான். கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிறாசி வின்சன்ட் ஐயாவிடம் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் வாங்கிய பழங்கார். பெற்றோல் விலை ஏறி, கார் வைத்திருந்தவர்களே பஸ்ஸுக்குக் கைகாட்டிக்கொண்டு நின்ற எழுபத்து நாலாம் ஆண்டிலும் மனிசன் அதைக் கைவிடவில்லை. சனிக்கிழமை தோறும் டாங்கி முட்டப் பெற்றோல் அடிப்பார். பின்னேரம் பேதுரு வந்து காரைக் கழுவித் துடைப்பார். அதோடு கார் மணக்கத் தொடங்கும். ஞாயிறு பூசைக்குப் போகும்போது பெற்றோல் நெடி தாங்க ஏலாது. புதன் வியாழன் வர மணம் போய்விடும். ஆறு கிழமையாக, வாராவாரம் இதே கூத்து.

பேதுருவிடம் வள்ளம் இருந்தது. வள்ளத்துக்கு அண்மையில்தான் எஞ்சின் பூட்டியிருந்தார். எஞ்சினுக்குப் பெற்றோல் வேண்டும். வீட்டுக் கோடியில் ஒரு இறப்பர் குழாயும் கிடந்தது. பிறகென்ன! கழுவ வந்த கைதான் குழாயைப் போட்டு உறிஞ்சுகிறது, சிந்தினதுதான் மணக்கிறது என்று வின்சன்ட் ஐயா முடிவுகட்டி, போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஆளை வாசலோடு அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை பொலிசில் எழுதிக் கொடுக்கப் போகிறாராம்.

"எனக்கு ரண்டு ஓலை வாசிச்சாச்சு, நானா. வாற ஞாயிறு மூண்டாம் ஓலை." கிறேஸ் கதிரை நுனியில் இருந்தாள். "பாப்பாமோட்டையிலை மாப்பிள்ளையின்ரை தேப்பன் தோமஸ் ஐயா சொல்லி அனுப்பியிருக்கிறார். அதுக்குள்ளை அப்பாவின்ரை பேர் சுத்தமாகாட்டில், சுவாமி ஓலை வாசிக்கேக்கை கை உயர்த்தித் தடை சொல்லுவாராம்."

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இரண்டு பேருடைய பெயரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமியார் கேட்பார். கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால் மூன்றாம் ஓலையில் விழுந்த கலியாணம் திரும்ப எழும்பியதாக டொமினிக் கேள்விப்பட்டதில்லை.

"இந்தக் கதையை முதலிலை ஆர் தொடக்கினது, தங்கச்சி?" என்று ஜவாஹிர் கேட்டார்.

"தெரியாது. பசாரிலை ஆரோ பகிடியாச் சொன்னவையாம். ‘பேதுருவின்ரை வள்ளம் இப்ப காத்திலை ஓடுறதில்லை, பிறக்கிறாசியின்ரை காரிலைதான் ஓடுது’ எண்டு. அது ஊரெல்லாம் போட்டுது."

டொமினிக் சன்னலுக்கு வெளியே பார்த்தான். அந்த ‘ஆரோ’ அவன்தான். ஐந்து கிழமைக்கு முன் தேத்தண்ணிக் கடை வாசலில் காரை நிறுத்தி, "ஏனடா இது இப்பிடி மணக்குது?" என்று வின்சன்ட் ஐயா பொதுவில் கேட்க, இவன் பொதுவில் பதில் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். வின்சன்ட் ஐயாவும் சிரித்தார். கிளாசைக் கழுவி வைக்க முன் டொமினிக் அதை மறந்துபோனான். ஊர் மறக்கவில்லை. கையிலிருந்த பீடியில் அடுத்த பீடியைப் பற்றவைத்தான்.

ஜவாஹிர் எழும்பித் தொப்பியைப் போட்டார். "மணத்தைத் தேடித் தரச்சொல்லி மூக்கில்லாதவனிட்டை வந்திருக்கிறீங்க, தங்கச்சி." உண்மைதான். பொலிசில் சார்ஜன்டாக இருந்த காலத்தில் வந்த ஒரு கடுங்காய்ச்சலில் அவருக்கு மணம் பிடிக்கிற சக்தி போய்விட்டது. ஒருவரும் எடுக்காத கருவாட்டுக் கடை மாடியில் கந்தோர் போட்டதும் அதனால்தான். "பரவாயில்லை. மூக்குள்ள சனம் என்ன செய்யுது எண்டு பாத்தால் போதும்."

●

கோட்டைப் பக்கத்தில் வின்சன்ட் ஐயாவின் வீடு. முன்முகப்புப் போட்டிக்கோவில் சிவப்புக் கார் நின்றது. அதன் பின்பக்க நிழலில் ஒரு கழுதை ஏகபோக உரிமையோடு படுத்திருந்தது.

வின்சன்ட் ஐயா சுருட்டும் வாயுமாக வந்தார். "நல்லாப் பாருங்கோ ஜவாஹிர். ஆனால் பேதுருவை விட்டால் வேறை ஆள் கிடையாது."

"அப்படியெண்டால் உங்கட வழக்குக்கு ஒரு சாட்சி கூடும், ஐயா."

டொமினிக் பொனற்றைத் திறந்தான். வேலை என்று வந்தால் மனச்சாட்சி கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும். "நானா, இது காரில்லை, ஆஸ்பத்திரி வாட்டு. ஒவ்வொரு குழாயிலையும் ஒரு கட்டு."

"குழாய் மூட்டு எல்லாத்துக்கும் முகப்பவுடர் தூவு. பெற்றோல் கசிஞ்சால் பவுடர் நனைஞ்சு காட்டிக்குடுக்கும்."

வின்சன்ட் ஐயாவின் மனைவி எடித் அம்மா பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து தந்தார். டொமினிக் காபரேற்றரிலிருந்து குழாய் குழாயாகத் தூவினான். எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு மூட்டும் நனையவில்லை.

"பவுடரும் போட்டாச்சு. இனி மாப்பிள்ளைக்குப் பொம்பிளை பாக்கப் போகலாம்," என்றான் டொமினிக். வின்சன்ட் ஐயா வாய்விட்டுச் சிரித்தார். டொமினிக் வாசல் படலையடிக்குப் போய் இன்னொரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வந்தான்.

ஜவாஹிர் எஞ்சினைத் திரும்பியும் பார்க்கவில்லை. எடித் அம்மாவிடம் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகேக்க எதில மணம் கூட, அம்மா?"

"என்ரை பூசைப் பையிலை. முக்காட்டை எடுத்துத் தலையிலை போட ஏலாது."

"ஐயாட உடுப்பில?"

"அவ்வளவு இல்லை."

"பையை எங்க வைப்பீங்க?"

"டிக்கிக்குள்ளை," என்ற எடித் அம்மா, அந்தச் சொல் வாயை விட்டுப் போனதும் டொமினிக்கைப் பார்த்தார். அவனும் அவரைப் பார்த்தான். பீடி கையிலிருந்து விழுந்தது. அதைக் காலால் மிதித்து, மிதித்து, மண்ணுக்குள் தேய்த்தான்.

அடக் கடவுளே. ஆணி!

ஆறு கிழமைக்கு முன் ஒரு வியாழக்கிழமை அது. பாலத்து றோட்டில் புருஷன் கார் ஓடுகிற ஓட்டத்துக்கு எடித் அம்மாவுக்கு ஈரல்குலை நடுங்கும். வின்சன்ட் ஐயாவோ தன் காருக்குள் சாமிப்படம் ஒன்றும் தொங்கவிட மாட்டார். "ஐயாவுக்குத் தெரியாமல் இந்த மாதா பதக்கத்தை எங்கையாவது அடிச்சுவிடு, டொமினிக்," என்று கேட்டார்.

டொமினிக் முன்னர் வள்ளம் கட்டுகிற ஓடாவி. வள்ளத்துக்குப் பதக்கம் அடிக்கிற முறை அவனுக்குத் தெரியும். கடையாரில், அதுதான் வள்ளத்தின் பின்பக்கத்தில், சுக்கான் பிடிக்கிறவனுடைய காலடியில் அடிக்க வேணும். ஆண்டவருக்கு அடித்த மூன்று ஆணியை நினைத்து மூன்று செப்பாணி. இரண்டு அங்குல ஆணி, தலைமட்டும் இறங்க வேணும், அரைகுறையாக நிற்கக் கூடாது. அவன் முறை தப்பவில்லை. காரின் பின்பக்க டிக்கியைத் திறந்து, தும்புப் பாயைத் தூக்கி, தகட்டில் பதக்கத்தை வைத்து, மூன்று செப்பாணியையும் தலைமட்டும் இறக்கினான். என்ன சுகமாக இறங்குது என்று அவனுக்கே ஒரு பெருமை. வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தபடியால் ஒரு மணமும் தெரியவில்லை.

வள்ளத்தில் பலகைக்குக் கீழே கடல் இருக்கும். இந்தக் காரில் தகட்டுக்குக் கீழே இருந்தது பெற்றோல் டாங்கி. ஓடாவி மூளை அதை யோசிக்கவேயில்லை.

"இந்தக் கழுதை எந்த நாளும் இஞ்சதான் படுக்குமோ?" என்று ஜவாஹிர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த நாளும்," என்றார் எடித் அம்மா. "ஞாயிறும் திங்களும் மட்டும் வேலிக்கரை வெயிலுக்குள்ளை போய் நிக்கும்."

‘கழுதையும் ஞாயிறுக் கடன்திருநாள் அனுசரிக்குது’ என்று டொமினிக்கின் நுனிநாக்கில் வந்தது. விழுங்கிவிட்டான். ஜவாஹிர் ஒருதரம் அவன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வின்சன்ட் ஐயாவிடம் சொன்னார்: "நாளைக்கு அடிக்கிற பெற்றோலை இண்டைக்கே அடிப்பம், ஐயா. பேதுரு காருக்குக் கிட்ட வராமல். மணந்தால் அவர் குற்றவாளியில்லை. நான் ஜும்மாத் தொழுகைக்குப் போயிட்டு வாறன். டொமினிக், நீ காரோட நில்."

●

வின்சன்ட் ஐயா சாப்பிட உள்ளே போனார். டொமினிக் டிக்கியைத் திறந்து தும்புப் பாயைத் தூக்கினான். மாதா பதக்கம் பச்சை பிடித்துக் கிடந்தது. மூன்று ஆணித்தலையைச் சுற்றியும் தகட்டின் பூச்சு வெந்து உரிந்திருந்தது.

பின்னால் எடித் அம்மா வந்து நின்றார். "இதாலைதானோ?"

"இதாலைதான், அம்மா. டாங்கி முட்டினால் ஆணிப்பக்கத்தாலை கசியுது. பெற்றோல் குறைஞ்சால் எட்டாது, மணமும் நிண்டிடும்."

"மாதாவே! பேதுருவை நாங்களோ மாட்டிவிட்டது?" அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "மாதா காப்பாத்துவா எண்டுதானே..."

"மாதா காப்பாத்திப்போட்டா. நான் வாயிலை பீடியோடை டாங்கிக்கு ஆணி அடிச்சவன். வீட்டோடை எரிஞ்சிருக்க வேணும். நாங்கள் தப்பியிட்டம். மாட்டினது பேதுரு அண்ணை."

எடித் அம்மா நாலு பக்கமும் பார்த்தார். "கழட்டிப்போடு, டொமினிக். ஓட்டையை அடைச்சுவிட்டால் மணம் நிண்டிடும். ஒருத்தருக்கும் தெரியாது."

அவனும் அதைத்தான் நினைத்தான். பதக்கத்தைச் சட்டைப் பையில் போட்டு, ஓட்டையில் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தைத் திணித்துவிட்டால் சரி. பெற்றோலுக்குச் சவுக்காரம் கரையாது. ஆணி பிடுங்கும் குறட்டைக் கூடக் கையில் எடுத்துவிட்டான். அப்போதுதான் அடுத்தது புத்தியில் பட்டது. இன்றைக்கு மணம் நின்றால் ஊர் என்ன சொல்லும்? பேதுருவை வாசலோடு அனுப்பினார்கள், மணமும் நின்றுபோச்சு, பார் என்று சொல்லும். அந்த மூன்று ஆணியையும் பிடுங்கிப் பேதுருவின் நெற்றியில் அடிக்கிறதும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான்.

குறட்டைத் திரும்ப வைத்தான். அப்படியென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? அதுவும் முடியவில்லை. அவன் கட்டிய கடைசி வள்ளம் வெள்ளோட்டத்தன்றே கரையில் நின்ற சனத்துக்கு முன்னால் தண்ணீரில் குந்திவிட்டது. இரண்டு வருஷம் ஊர் சிரித்தது. ஓடாவி வேலையை விட்டதும் அதனால்தான். மற்றவர்கள் சிரிக்க முன் தான் முந்திக்கொண்டு மற்றவர்களைப் பகிடி பண்ணப் பழகியதும் அதற்குப் பிறகுதான். ‘டொமினிக் ஆணி அடிச்சால் கடலும் ஒழுகும், காரும் ஒழுகும்’ என்று யார் சொல்லுவான் என்பது கூட அவனுக்குத் தெரியும். அவனே சொல்லியிருப்பான்.

படலையில் ஜவாஹிரின் சைக்கிள் மணி கேட்டது. டொமினிக் பாயை விரித்து டிக்கியை மூடினான்.

●

வின்சன்ட் ஐயா கார் ஓட்ட, ஜவாஹிர் பக்கத்தில் இருக்க, டொமினிக் சைக்கிளில் பின்னால் போனான். பெற்றோல் செட்டில் டாங்கி முட்ட அடித்தார்கள். திரும்பி வரும் வழியில் முதல் குலுக்கலிலேயே அவன் மூக்கில் நெடி ஏறியது.

மீன்கடையடியில் கார் முந்திப் போய்விட்டது. டொமினிக்குக்கு நிற்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் பேதுரு கை காட்டினார். அவருடைய கூடை நிறைய நல்ல பாரை மீன். இந்தப் பக்கக் கூடையிலும் அந்தப் பக்கக் கூடையிலும் சனம் நெருக்கியடித்தது. பேதுருவின் கூடையை ஈ, இலையான் மட்டும்தான் சுற்றியது.

"மீனும் பெற்றோல் மணக்குதாம், தம்பி," என்று பேதுரு சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றுபோனது. "பிள்ளை உங்கடை கந்தோருக்கு வந்தவளாம். நீ அங்கை இருக்கிறது எனக்குப் பெரிய ஆறுதல். இந்தா, வீட்டுக்கு ஒரு மீன் கொண்டு போ."

"பிறகு வாங்குறன், அண்ணை," என்றான் டொமினிக். பெடலை மிதித்தான். நின்று ஒரு நிமிஷம் அந்த மனிசனின் முகத்தைப் பார்க்க அவனால் ஏலாமல் இருந்தது. தன்னையே செருப்பால் அடிக்க வேணும்போல் இருந்தது.

●

போட்டிக்கோவில் வின்சன்ட் ஐயா காரைச் சுற்றிச் சுற்றி மணந்து பார்த்துக்கொண்டு நின்றார். "மணக்குது! அதே மணம்! பேதுரு இந்த ஒழுங்கைப் பக்கமும் வரேல்லையே!"

கழுதை வந்தது. தன் வழக்கமான இடத்தில் முன்காலை மடித்தது. மூக்கைச் சுருக்கி எழும்பி, வேலிக்கரை வெயிலுக்குப் போய் நின்றது.

"சாட்சி விசாரணை முடிஞ்சுது, ஐயா," என்றார் ஜவாஹிர். "ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?"

வின்சன்ட் ஐயா உள்ளே போனதும் ஜவாஹிர் மட்காட்டில் சாய்ந்துகொண்டார். "டொமினிக், பீடி இருக்கா?"

"உங்களுக்கோ, நானா?"

"உனக்கு. பத்தவை."

"வேண்டாம்."

"காலையில கந்தோரில பீடி நெருப்பிலயே பீடி பத்தினாய். இஞ்ச படலையடியில ஒண்டு பத்தினாய். எடித் அம்மா ‘டிக்கி’ எண்டு சொன்ன உடன, பாதிப் பீடியை மண்ணுக்குள்ள போட்டுத் தேய்ச்சாய். அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. வீட்டுக்கார ஐயா இன்னும் சுருட்டோட சுத்துறார். அவருக்குப் பெற்றோல் எங்க இருக்கெண்டு தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

டொமினிக் பீடிக்கட்டை மடிக்குள் செருகினான்.

"அது கிடக்கட்டும். ஒரு கழுதைட கதை காதில விழுந்து, நீ பகிடி விடாமல் நிண்டாயே, அப்பவே எனக்கு நிச்சயம். ஜும்மாவுக்குப் போகேக்க உன்னைக் காரோட விட்டது காவலுக்கில்லை. வந்த உடன நீயே சொல்லுவாய் எண்டு நினைச்சன்."

டொமினிக் டிக்கியைத் திறந்து பாயைத் தூக்கினான். பதக்கத்தைச் சுற்றித் தகடு ஈரமாக மினுங்கியது. வியாழக்கிழமைக் கதையை ஒன்றும் விடாமல் சொன்னான். வள்ளத்து முறை, மூன்று ஆணி, பீடி எல்லாம்.

ஜவாஹிர் கனநேரம் குனிந்து பார்த்தார். "பழைய கார், டாங்கி ஓட்டை எண்டு சொல்லி நான் இதை முடிச்சுவிடலாம். உன்ட பேரும் வராது, அம்மாட பேரும் வராது."

டொமினிக்குக்கு மூச்சு வந்தது. ஒரு நிமிஷத்துக்குத்தான்.

"மணம் எங்கயிருந்து வந்ததெண்டு கண்டுபிடிச்சாச்சு," என்றார் ஜவாஹிர். "கதை எங்கயிருந்து வந்தது?"

"உங்களுக்குத் தெரியுமோ?"

"நானும் அண்டைக்கு அந்தத் தேத்தண்ணிக் கடையில இருந்தனே, டொமினிக். நீ சொன்னாய். நான் சிரிச்சன்." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "காலையில அந்தப் புள்ளையிட்ட ‘ஆர் தொடக்கினது’ எண்டு கேட்டது எனக்குத் தெரியாமல் இல்லை. நீ ‘நான்தான்’ எண்டு சொல்லுவாயோ எண்டு பாக்கக் கேட்டது. நீயும் சொல்லயில்லை, நானும் சொல்லயில்லை."

தேத்தண்ணியோடு வின்சன்ட் ஐயா வந்தார். பின்னால் வந்த எடித் அம்மா யாரும் கேட்க முன், "நான்தான் அடிக்கச் சொன்னனான்," என்று அழத் தொடங்கினார். பிறக்கிறாசிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த மூன்று ஆணித்தலையையும் பார்த்துக்கொண்டே நின்றார். வாயிலிருந்த சுருட்டை எடுத்துத் தூரப் போய் அணைத்துவிட்டு வந்தார்.

"அந்த மனிசனை வாசலிலை வைச்சு என்னவெல்லாம் சொன்னனான்," என்றார். "நான் இனி அவரின்ரை முகத்திலை என்னெண்டு முழிப்பன்?"

●

சனிக்கிழமை வின்சன்ட் ஐயா பஸ்ஸிலேயே பாப்பாமோட்டைக்குப் போய்த் தோமஸிடம் நடந்ததைச் சொன்னார். வந்து கந்தோர்ப் படியேறியபோது முகம் செத்திருந்தது.

"நம்புறானில்லை, ஜவாஹிர். ‘ஐயா பெரிய மனிசன், ஏழைப் பெட்டையின்ரை கலியாணம் எண்டு இரக்கப்பட்டு மூடிக்கட்டுறியள்’ எண்டுறான். ‘ஊர் சொன்ன கதையை ஊருக்கு முன்னாலைதான் எடுக்கவேணும்’ எண்டுறான். நாளைக்குக் கை உயர்த்துவான்."

ஜவாஹிர் மேசையிலிருந்த தொப்பியைத் தட்டித் துடைத்தார். டொமினிக்கைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் டொமினிக்குக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

●

ஞாயிறு பூசை. கோயில் நிறைந்து வாசல்வரை சனம். பேதுரு கடைசி வாங்குப் பலகையில், தூணுக்குப் பின்னால் இருந்தார். முன்பு எப்போதும் மூன்றாம் வாங்கில் இருக்கிறவர். பெண்கள் பக்கத்தில் கிறேஸ் குனிந்த தலை நிமிரவில்லை. பாப்பாமோட்டைத் தோமஸ் வெள்ளைச் சால்வையோடு நடுவில், நிமிர்ந்து.

சுவாமியார் கடதாசியை விரித்தார். "மன்னார்ப் பேதுருவின் மகள் கிறேஸுக்கும், பாப்பாமோட்டை தோமஸின் மகன் சேவியருக்கும் இது மூன்றாம் ஓலை. இந்த விவாகத்துக்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் தெரியப்படுத்தலாம்."

தோமஸின் கை மடியிலிருந்து கிளம்பியது.

"சுவாமி!" டொமினிக் எழும்பிவிட்டான். "விக்கினம் ஒண்டும் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தனான்."

கோயில் முழுக்கத் திரும்பியது.

"பிறக்கிறாசி ஐயாவின்ரை கார் மணந்ததுக்குக் காரணம் நான். வள்ளத்துக்கு அடிக்கிறமாதிரி மாதா பதக்கத்தைக் காருக்கு அடிச்சனான். கீழை பெற்றோல் டாங்கி இருந்தது. மூண்டு ஆணியும் டாங்கிக்குள்ளை."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தான். அது வாங்கு வாங்காகப் பரவிக் கோயில் நிறையச் சிரிப்பாயிற்று. வெள்ளோட்டத்தன்று கேட்ட அதே சிரிப்பு. டொமினிக் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அது முடியுமட்டும் நின்றான்.

"இன்னும் முடியேல்லை. பேதுரு அண்ணையின்ரை வள்ளம் பிறக்கிறாசியின்ரை காரிலை ஓடுது எண்டு தேத்தண்ணிக் கடையிலை முதல் சொன்னவனும் நான்தான். ஒண்டும் தெரியாமல் சொன்னனான். உங்களைச் சிரிக்க வைக்கச் சொன்னனான். அவர் ஒரு சொட்டுப் பெற்றோல் எடுக்கேல்லை. ஆணியைக் கழட்டிப்போட்டன், சுவாமி. கதையை எப்பிடிக் கழட்டுறதெண்டு தெரியேல்லை."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. வின்சன்ட் ஐயா எழும்பி, "அவன் சொல்லுறது சத்தியம்," என்றார். எழும்பினவர் திரும்பத் தன் வாங்கில் இருக்கவில்லை. கடைசி வாங்குக்கு நடந்துபோய்ப் பேதுருவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

தோமஸ் பாதியில் நின்ற கையால் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டார். சுவாமியார் கடதாசியை மடித்துப் பூசையைத் தொடர்ந்தார்.

பூசை முடிந்து எல்லாரும் போகுமட்டும் டொமினிக் கோயில் மதிலோரம் நின்றான். றோட்டுக்கு அந்தப் பக்கம் ஜவாஹிர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பேதுரு நேரே இவனிடம் வந்தார். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று டொமினிக் தயாராகத்தான் நின்றான்.

"என்ரை வள்ளத்துக்கும் நீதானே பதக்கம் அடிச்சனீ?"

"ஓம், அண்ணை."

"பதினொரு வருஷம். அதாலை ஒரு சொட்டு ஒழுகேல்லை." பேதுரு அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன்ரை கையிலை எனக்குக் கோவமில்லை. உன்ரை வாயிலைதான். ஒரு கிழமை என்ரை பிள்ளை சாப்பிடேல்லை, தெரியுமோ?"

டொமினிக்குக்குக் கண் நிறைந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை."

"அதை நான் இப்ப சொல்லமாட்டன்." பேதுரு திரும்பி இரண்டடி நடந்தார். நின்றார். "நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு மீன்கடைக்கு வா. என்ரை கூடைக்குப் பக்கத்திலை நிண்டு கூவு. சனத்தைக் கலைச்ச வாயே கூப்பிட்டும் தரட்டும்."

"எத்தினை நாளைக்கு, அண்ணை?"

"கூடை வெறுமையாகுமட்டும்," என்றார் பேதுரு.

திங்கள் காலமை ஐந்தரைக்கே டொமினிக் அங்கே நின்றான்.